உனக்கு ஆகாதது கத்தரிக்காய் இல்லை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது, குவைத் கம்பெனிக்காரர்கள் வயரிங் வேலைக்காகக் கொடுத்த மெடிக்கல் ஃபாரத்தைக் கட்டிலில் உட்கார்ந்து நிரப்பினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் புரிகிற மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்புக்கு ஆகாதது ஏதாவது உண்டா என்று கேட்டிருந்த கட்டத்தில் கத்தரிக்காய் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு, "இத்தப் படிச்சிட்டு அரபிக்காரன் சிரிக்கப் போறான் பாரு நைனா" என்றாய். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு எழுந்து ஆட்டுப் பட்டிக்குப் போய், தண்ணீர் வைக்கிற மாதிரி நின்றேன். தண்ணீர் காலையிலேயே வைத்தாயிற்று. நீ சென்னைக்கு பஸ் ஏறுகிறவரை எனக்குப் பட்டியில் வேலை இருந்துகொண்டே இருந்தது.

அப்புறம் உனக்கு மூன்று தரம் போன் போட்டேன். நீ "இன்னா நைனா" என்றதும், "சாப்ட்டியா" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். மூன்று தரமும் இதேதான். நாலாவது தரமும் கேட்டால் கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நீ ஊருக்கே கிளம்பி வந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவதில் கோட்டை விட்டவன் எழுதுகிற கடிதம். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள். மற்றதைப் பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆகாதது கத்தரிக்காய் இல்லை. பென்சிலின் என்கிற மருந்து. அடுத்த வாரம் வியாழக்கிழமை மெடிக்கலுக்குப் போவதற்கு முன்னால் கத்தரிக்காயை அடித்துவிட்டு அந்தக் கட்டத்தில் இதை எழுது. கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுது. அந்த ஊரில் காய்ச்சல் என்று நீ படுத்தால், பக்கத்தில் நின்று தடுக்க நான் இருக்க மாட்டேன். தெரியாமல் ஒரு ஊசி போட்டுவிட்டார்கள் என்றால் உன் உயிருக்கே ஆபத்து. இது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஆறு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். மீதிக் கடிதம் அதற்குத்தான்.

நீ மூன்றாவது படிக்கும்போது தொண்டை வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாய். நாளைக்கு ஒன்றாக ஐந்து நாள் உனக்கு ஊசி போட்டார்கள். அது இதே மருந்துதான், அப்போது ஒன்றும் ஆகவில்லை. முதலில் ஒத்துக்கொள்கிற மருந்து பின்னால் ஆகாமல் போகலாமாம். நீ பிழைத்து எழுந்தால் ஒரு கடா வெட்டுகிறேன் என்று உன் அம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நீ எழுந்தாய். கடாதான் எழவில்லை. ஒவ்வொரு ஆடி மாதமும் அவள் ஞாபகப்படுத்துவாள். நான் ஒவ்வொரு ஆடியிலும், இந்த வருஷம் குட்டிகள் இளைப்பாக இருக்கின்றன, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பேன். "ஆட்டுக்காரன் வூட்ல அம்மனுக்கு ஒரு கடா இல்ல, இத்த வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க" என்பாள். நீ பத்தாவது பாஸான வருஷம்தான் எனக்கு வெட்கம் வந்தது. இருபது செம்மறியில் நல்லதாக ஒரு சிவப்புக் கடாவைத் தேர்ந்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி அம்மனுக்கு என்று விட்டேன்.

கயிறு கட்டிவிட்டால் அந்தக் கடாதான். மாற்ற முடியாது. திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தக் கடா இருமத் தொடங்கியது. மூக்கில் சளி, உடம்பெல்லாம் கொதிக்கிறது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. செத்துப் போனால் எட்டு வருஷத்து வேண்டுதல் மண்ணாகிவிடும். சாகாவிட்டாலும் கஷ்டம்தான். நம் கோயிலில் கடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள் அல்லவா? அது உடம்பை உதறினால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். உதறாத கடாவைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஜுரத்தில் நிற்கிற ஆடு எங்கே உதறப் போகிறது?

இந்த இடத்தில் உன் அப்பன் யார் என்பதை நினைத்துக்கொள். கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு நாலு நாள் ஆட்டைப் பிடித்துக்கொடுத்து, அவர் ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு கண்ணாடி சிரிஞ்சும் வாங்கிக்கொண்டு ஊருக்கே வைத்தியம் பார்த்தவன். ஊசிக்காரர் என்று என்னைக் கூப்பிடும்போது எனக்கு ஒரு அடி உயரம் கூடும். உத்திரமேரூரில் மருந்துக் கடையில் பென்சிலின் புட்டிகள் வாங்கி வந்தேன். வெள்ளைப் பொடி, தண்ணீர் கலந்து போட வேண்டும். புட்டி மேல் பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருந்தது. படித்துப் பார்க்கிற பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது, அப்போது எங்கிருந்து வரும்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அளவும் ஒன்றுக்கு இரண்டாகத் தொடையில் போட்டேன். திருவிழா அன்று விடியற்காலையில் தெம்புக்கு என்று கடைசியாக ஒன்று. சாமிக்கு விட்ட ஆடு என்பதால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அதற்குத் தீவனமும் வைக்கவில்லை, தண்ணீரும் காட்டவில்லை. நம் வீட்டு வழக்கம் அது. நாம் விரதம் இருக்கும்போது ஆடும் இருக்க வேண்டும்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கடா கொம்பிலிருந்து வால் வரைக்கும் உதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்தது. "அம்மன் ஒத்துக்கிச்சி!" என்று கூட்டம் கத்தியது. உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் மட்டும், ஒத்துக்கொண்டது அம்மன் இல்லை, என் ஊசி என்று மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

வெட்டி உரித்ததும் கடாவின் இரண்டு குண்டிக்காயையும், கிட்னி என்கிறார்களே அதை, நானே எடுத்து வைத்துக்கொண்டேன். யாருக்காக வேண்டுதலோ அவனுக்கு அது போக வேண்டும் என்று நான் ஒரு சட்டம் போட்டேன். குச்சியில் குத்தி, உப்பும் மிளகும் தடவி, நெருப்பில் வாட்டினேன். மேலே கருகி உள்ளே சிவப்பாகவே இருந்தது. உன் அம்மா பார்த்துவிட்டு, "உள்ள இன்னும் வேவல மாமா, கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள். நான் கேட்டேனா? "நீ கம்னு இரு, இப்பிடி துன்னாத்தான் ரத்தம் ஊறும்" என்று சொல்லி உன் கையில் கொடுத்தேன். நீ ஊதி ஊதித் தின்றாய். நாற்பது பேர் சாப்பிட்ட விருந்தில் குண்டிக்காய் தின்றவன் நீ ஒருவன்தான்.

பந்தியில் உட்கார்ந்து கறிக்குழம்பில் இரண்டு வாய் பிசைந்து சாப்பிட்டாய். "நைனா, தொண்ட இன்னாமோ பண்ணுது" என்றாய். நிமிர்ந்து பார்த்தால் உதடு இரண்டும் வீங்கிக்கொண்டு வருகிறது. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு விசில் மாதிரி கேட்டது. காவாந்தண்டலத்திலிருந்து வந்திருந்த என் அக்கா, உன் அத்தை, இலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இன்னாடி போட்ட கொழம்புல?" என்று உன் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி, கறிகூட கத்திரிக்கா..."

"கரப்பான் காய போட்டியா? அவனுக்கு அரிக்கற கரப்பான் ஒடம்புன்னு தெரியாது ஒனக்கு? பெத்த புள்ளய கொல்லப் பாத்தியேடி பாவி!"

"எல்லாருந்தான அண்ணி துன்னாங்க..." என்று உன் அம்மா சொன்னாள். சரியான கேள்வி. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மூளையை உபயோகித்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த தெருக்காரர் வண்டியில் உன்னை நடுவில் வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டு, உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் என்னென்னவோ போட்டு உன் மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். "என்ன சாப்பிட்டான்? மருந்து ஏதாவது குடுத்தீங்களா, ஊசி ஏதாவது?" என்று கேட்டார். "அவனுக்கு ஒரு ஊசியும் போடல சார்" என்றேன். சட்டைப் பையில் சிரிஞ்சு டப்பா இருந்தது. சத்தியமாக எனக்கு அப்போது தெரியாது. பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்த உன் அம்மா, "கத்திரிக்கா சார், நான்தான் போட்டேன்" என்று டாக்டர் காலில் விழப் போனாள்.

அதற்கப்புறம் நம் வீட்டில் கத்தரிக்காய் நுழையவில்லை. அது பரவாயில்லை, ஒரு காய் இல்லாமல் யாரும் சாகவில்லை. நீ அதற்கப்புறம் தட்டில் எது விழுந்தாலும், "இதுல இன்னா போட்ட?" என்று கேட்க ஆரம்பித்தாய். நீ கோபமாகக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டாய். எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஒவ்வொரு தரமும் பரீட்சை எழுதுகிற மாதிரி பருப்பு, தக்காளி, வெங்காயம், கடுகு என்று எண்ணிச் சொல்லி, நீ முதல் வாய் விழுங்கி முடிக்கிறவரை உன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கால்நடை முகாம் போட்டார்கள். வந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. எல்லாருக்கும் முன்னால் என்னை நிறுத்தி, "நீங்கதான் ஊசி போடறவரா? போட்ட மருந்து ஆட்டு உடம்புல எங்க போகுதுன்னு தெரியுமா?" என்று கேட்டது. "நோய்கிட்டப் போகும்மா" என்றேன். கூட்டம் சிரித்தது. "எயுதிக்கோ ஊசிக்காரரே, பரீட்ச வெப்பாங்க" என்று ஒருத்தன் சத்தம் போட்டான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னது. தொடையில் போட்ட மருந்து முதலில் அங்கேயே ஒரு குட்டை மாதிரி தேங்கும். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கி உடம்பெல்லாம் சுற்றும். சில மருந்துகளை ஈரல் உடைத்து, பித்தத்தோடு சாணியில் தள்ளிவிடும். பென்சிலின் பெரும்பாலும் உடையாமல், போன மாதிரியே குண்டிக்காய்க்கு வந்து மூத்திரத்தில் போகும். ஏரித் தண்ணீர் முழுக்க ஒரே மதகு வழியாகப் போகிற மாதிரி. அதனால் மற்றக் கறியைவிட அதிகமாக மருந்து நிற்பது இரண்டு இடத்தில். ஒன்று ஊசி குத்திய சதை. இன்னொன்று குண்டிக்காய்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நம் சிவப்புக் கடா ஞாபகம் வந்தது. "தண்ணி குடிக்காத ஆடா இருந்தா இன்னாம்மா?" என்று கேட்டேன். "மூத்திரம் கம்மியாத்தான் போகும், மருந்தும் மெதுவாத்தான் வெளிய போகும். ஜுரத்துல இருக்கற ஆடும் அப்படித்தான். டோஸக் கூட்டிப் போட்டா இன்னும் நாள் பிடிக்கும். எத்தனை நாள்னு புட்டி மேலயே போட்டிருப்பாங்க. அது வரைக்கும் வெட்டவும் கூடாது, விக்கவும் கூடாது" என்றது. "வெட்டித் துன்னுட்டா?" என்றேன். "பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மருந்து ஒத்துக்காதவங்க ஒருத்தர் இருந்தா, அவங்களுக்கு உதடு வீங்கி மூச்சே நின்னுடலாம்." "வேவ வெச்சா போய்டாதாம்மா?" "கொஞ்சம் குறையும். முழுசாப் போகாது. அரை வேக்காடுன்னா அதுவும் இல்ல."

நான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது. இரண்டு பங்கு மருந்து, ஜுரக் கடா, தண்ணீர் காட்டாத விரதம், விடியற்காலை ஊசி, சிவப்பு மாறாத குண்டிக்காய். ஒன்றையாவது தப்பாகச் செய்ய மறந்திருக்கிறேனா என்று பார்த்தால், இல்லை.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். "இந்தாடி, அந்த டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க" என்று தொடங்கினேன். முறத்தை வைத்துவிட்டு முகம் மலர நிமிர்ந்தாள். "நீ போடற ஊசி சரியா கீதுன்னு சொன்னாங்களா மாமா? எத்தினி பேரு ஒன்ன நம்பிக்கினு கீறாங்க, ஒரு டாக்டரே சொன்னா எனக்குப் பெருமதான?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து, "சரியாத்தான் கீதாம்" என்றேன். அவளுக்காகச் சொல்லாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதே. ஊசிக்காரர் என்கிற அந்த ஒரு அடி உயரம் போய்விடுமே என்றுதான்.

அன்றோடு ஊருக்கு ஊசி போடுவதை நிறுத்தினேன், கை நடுங்குகிறது என்று சொல்லி. நம் ஆடுகளுக்குப் போட்டால் டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுதான். போட்ட ஆட்டுக்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, நாள் முடிகிறவரை விற்க மாட்டேன். வாலாஜாபாத்திலிருந்து வருகிற கறிக்கடை பாய், "இன்னா நைனா, ஆட்டுக்கெல்லாம் கட்சித் துண்டு போட்டு வெச்சிகிற?" என்று கிண்டல் செய்வார். காரணத்தைச் சொன்ன பிறகு அவரே துணியைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டைத் தொடுவார். பாய்க்கெல்லாம் சொன்னேன். வீட்டுக்குள் சொல்லவில்லை. உனக்கு ஊசி என்றால் பயம் என்று ஊர் முழுக்கப் பரப்பியதும் நான்தான். காலேஜ் பையன் ஊசிக்கு அழுகிறானாம் என்று உன் சிநேகிதர்கள் கேலி செய்தார்களே, அந்த உபகாரம் என்னுடையது. எந்த டாக்டரிடம் போனாலும் பின்னால் நின்று, "மாத்திரையா குடுங்க சார், பையன் பயப்படுவான்" என்பேன். மாத்திரையிலும் அந்த மருந்தின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. இத்தனை நாள் நீ தப்பித்தது என் சாமர்த்தியம் இல்லை.

போன வருஷம் உன் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, நீ டீ வாங்க வெளியே போயிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குப் பொண்ணு பாக்கறப்ப மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட கத்திரிக்கா விசயத்தச் சொல்லிடு மாமா. என்ன மாதிரி அதுவும் தெரியாம செஞ்சிடப் போவுது" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. காது கேட்டது. நான் "சரி" என்றேன். மறுநாள் அவள் இல்லை.

திங்கட்கிழமை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போய் இப்போதிருக்கிற டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். நடந்ததைப் பார்த்தால் பென்சிலின்தான் என்று தோன்றுகிறது, ஆனால் நாமாகப் பரீட்சித்துப் பார்க்கிற விஷயம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கிற டாக்டர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவரை அந்த மருந்தும் அதன் வகை மாத்திரைகளும் ஆகாது என்றே எல்லா இடத்திலும் சொல்லச் சொல்லுங்கள் என்றார். பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். எப்போதும் பர்ஸில் வைத்துக்கொள். வேலை செய்கிற இடத்தில் உன்னோடு தங்குகிறவர்களுக்கும் காட்டிவை. அங்கே வயரிங்கில் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டாய் என்றால் அன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லிவிடு. திட்டு வாங்கினால் ஒரு நாளோடு போகும். இந்த ஒரு புத்தி சொல்ல மட்டும் எனக்குத் தகுதி இருக்கிறது.

நேற்று காவாந்தண்டலம் போய் அக்காவிடமும் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முதலில், "ஒனக்கு இன்னா பைத்தியமா? செத்தவளக் காப்பாத்தறதுக்கு நீ பழி ஏத்துக்கினு பேசற" என்றாள். கடா, ஊசி, குண்டிக்காய் எல்லாவற்றையும் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். கை நின்றுபோயிற்று. அப்புறம், "ஏழு வருசம்டா" என்றாள். "ஒன் வூட்டுக்கு வருவேன். 'சாப்புடுங்க அண்ணி'ம்பா. வவுறு சரியில்லம்பேன். துன்னுட்டு வந்தேம்பேன். அவ கையால ஒரு வாய் சோறு துன்னாமலே அனுப்பிட்டேன்டா. இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு வாய் துன்னிருப்பனே." நான் பஸ்ஸுக்கு எழுந்தபோதும் அழுதுகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை ஃபாரத்தைச் சரியாக எழுதிக் கொடு. அதற்கப்புறம் என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். விமானம் ஏறுவதற்கு முன்னால் அத்தையை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வா. அவள் போடுகிற சோற்றை ஒன்றும் கேட்காமல் சாப்பிடு. நான் வரவில்லை. என்னைப் பார்த்தால் அவளுக்கு அழுகை அதிகமாகிறது.

உன் நைனா